பத்தாவது வாரத்து அளவு

போன வாரம் பெரியவளை பைண்டிங் கடை வாசலில் விட்டுவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு அவள் சரியாகத் தூங்கவில்லை. பரீட்சை பயம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைப்பது பாதி சரி.

நடுவில் சேர்ந்துகொண்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா படுக்கையில் விழுந்தபோது கட்டடப் பொறியியல் படிப்பைக் கடைசி வருடத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டவள் பெரியவள். ஊட்டுவதிலிருந்து படுக்கை மாற்றுவது வரை மூன்று வருடம். அவர் போன பிறகு கல்லூரிக்குத் திரும்பினால், அதே வகுப்பில் தம்பி சின்னவன் உட்கார்ந்திருந்தான். சேர்ந்த நாளிலிருந்து ஏழு வருடத்துக்குள் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்பது அங்கே விதி. அந்த ஏழாவது வருடம் இந்தப் பருவத்தோடு முடிகிறது. இதில் தவறினால் அவளுக்கு இன்னொரு வாய்ப்பு கிடையாது.

கடைசிப் பருவத்தில் குழு வேலை. பேராசிரியர் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் பெரியவள், சின்னவன், 'ஸ்கேல்' என்று வகுப்பே கூப்பிடும் ஒரு பெண் என்று மூன்று பேர் சேர்ந்தார்கள். ஸ்கேலை வைத்தாலும் வைக்காவிட்டாலும் அவள் போடும் கோடு நேராக வரும். அதனால் அந்தப் பெயர்.

அம்மா ரெக்கார்டு கீப்பராக இருக்கும் பழைய அலுவலகக் கட்டடத்தில் நிறைய விரிசல்கள். அவற்றை வாரம் ஒரு முறையாகப் பத்து வாரம் அளந்து, வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்று சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு மாடி. அம்மாதான் மேனேஜரிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக் கொடுத்தாள். அறிக்கையின் ஒரு பிரதி தனக்கு வர வேண்டும் என்பது மேனேஜர் போட்ட நிபந்தனை.

அளவுகளை அந்த இடத்திலேயே நின்று பென்சில் நோட்டில் எழுத வேண்டும். அழிக்கக் கூடாது. தவறினால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யாருடைய அளவிலும் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. வைத்தால் வைத்தவருக்கு அந்தப் பாடத்தில் பூஜ்யம். முதல் நாளே மூன்று பேரும் இதைப் படித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

பெரியவள் கை வைத்துவிட்டாள்.

சின்னவனுக்கு மூன்றாவது மாடி. ஒன்பது வாரமாக அங்கே ஒரு விரிசல் 1.2, 1.3 மில்லிமீட்டர் என்று சாதுவாக இருந்தது. பத்தாவது வாரம் நோட்டில் 2.9 என்று எழுதியிருந்தான். பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை, எரிச்சல் வந்தது. முதல் வாரம் அவன் மாடி ஏறாமல் கீழே டீக்கடையில் உட்கார்ந்தபடியே அளவு எழுதிக் கையும் களவுமாக மாட்டி, எச்சரிக்கையோடு தப்பித்தவன். திரும்பவும் வேலையைக் காட்டிவிட்டான் என்று முடிவு செய்தாள். அறிக்கையில் 1.4 என்று போட்டு பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டாள்.

அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அவள் மேல் இருக்கும் கோபமெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான்.

* * *

வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு அன்று காலை வீட்டில் மூன்று பேரும் எட்டு மணிக்கே கிளம்பத் தயாராகிவிட்டார்கள். அம்மா அலுவலகத்துக்கு, பிள்ளைகள் கல்லூரிக்கு.

"உங்கக்கா பின்னாடியே நில்லுடா. கேள்வி கேட்டா முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்காத" என்றாள் அம்மா.

"எனக்குத் தெரிஞ்சதைக் கேட்டா சொல்ல மாட்டேனா?"

"உனக்குத் தெரிஞ்சதை யாரு கேக்கப்போறாங்க?"

சின்னவன் சிரித்தான். அவனுக்கு வேலை கிடைத்தாயிற்று. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். அதனால் ஒரு மாதமாகவே வீட்டில் சிரிக்கிற ஒரே ஆள் அவன்தான்.

பெரியவள் அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். இதுவரை அவனிடம் அதைக் காட்டவில்லை. அவனும் கேட்கவில்லை. அக்கா எழுதியிருப்பாள், சரியாகத்தான் இருக்கும் என்பது அவன் கணக்கு.

"அக்கா, மூணாவது மாடியைப் பத்தி நல்லா எழுதிருக்கதானே? நான் அன்னிக்கு போன்ல சொன்னேனே, ஒரு மாதிரியா இருக்குன்னு."

"எழுதிருக்கேன். வா, நேரமாச்சு."

அவன் போனில் சொன்னது உண்மை. 'மூணாவது மாடி ஒரு மாதிரியா இருக்குக்கா, நோட்டைப் பாரு' என்றான். அப்போது அவள் ஒரு கையில் போனும் இன்னொரு கையில் அறிக்கையின் முன்னுரையுமாக இருந்தாள். 'சரி சரி, நோட்டை அனுப்பு' என்று வைத்துவிட்டாள்.

அம்மா வாசலில் நின்று பெரியவள் கன்னத்தை ஒரு தடவை தொட்டாள். அந்தத் தொடுகையிலேயே மூன்று வருடக் கடன் இருந்தது. பெரியவள் அறிக்கையைப் பைக்குள் போட்டு மூடினாள்.

* * *

வைவா அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. ஸ்கேல் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். அறிக்கையை வாங்கி, தான் வரைந்த வரைபடங்களை மட்டும் புரட்டிப் பார்த்தாள். மூன்றாவது மாடி வரைபடத்தில் விரல் நின்றது.

"அக்கா, கடைசிப் புள்ளி நீங்க குடுத்த நம்பரைத்தான் வெச்சேன். நான் நோட்டைப் பாக்கல. சரிதானே?"

"சரிதான்."

"இல்ல, வியாழக்கிழமை வியாழக்கிழமை உக்காந்து மூணு பேரும் நோட்டைச் சேத்துப் பாப்போம்ல. ஆறாவது வாரத்தோட அதை நிறுத்திட்டோம். அதான் கேட்டேன்."

நிறுத்தியது பெரியவள்தான். வியாழக்கிழமைக் கூட்டத்தில் சின்னவன் கால் மணி நேரம் தாமதமாக வருவான். ஸ்கேல் ஒரு கோட்டுக்கு அரை மணி நேரம் யோசிப்பாள். அந்த நேரத்தில் நானே எல்லாவற்றையும் எழுதி முடித்துவிடலாமே என்று பெரியவளுக்குத் தோன்றியது. 'அவங்கவங்க வேலையை என்கிட்ட அனுப்பிடுங்க, நான் சேத்துக்கறேன்' என்றாள். மற்ற இருவருக்கும் அது வசதியாக இருந்ததால் அவர்களும் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து அது குழு வேலையாக இல்லை. ஒருத்தியின் வேலைக்கு மூன்று பெயர் போட்டிருந்தது, அவ்வளவுதான்.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட மூன்று வருடத்தில் அவளுக்கு வந்த பழக்கம் இது. யாரையும் எதிர்பார்க்காமல், கேட்காமல், தானே செய்து முடிப்பது. நோயாளி அறைக்கு அது உதவியது.

* * *

உள்ளே பேராசிரியரோடு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாள் ஒருவர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, அறிக்கையை விட மாணவர்கள் முகத்தையே அதிகம் பார்த்தார்.

முதல் இருபது நிமிடம் நன்றாகவே போயிற்று. ஸ்கேல் வரைபடம் பற்றிச் சொன்னாள். பெரியவள் விளக்கியதைக் கேட்டுப் பேராசிரியர் இரண்டு முறை தலையை ஆட்டினார். பிறகு தேர்வாளர் சின்னவன் பக்கம் திரும்பினார்.

"மூணாவது மாடி உங்களோடதா? இந்த வரைபடத்தை நீங்களே சொல்லுங்க."

சின்னவன் குனிந்து பார்த்தான். கோடு தொடக்கத்திலிருந்து முடிவு வரை படுத்துக் கிடந்தது. அவன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். மறுபடி குனிந்தான்.

"என்னாச்சு? உங்க அளவுதானே?"

"ஆமா மேடம்."

"அப்ப சொல்லுங்க. பென்சில் நோட்டு எங்க?"

நோட்டு அவன் பையில் இருந்தது. எடுத்துக் கொடுக்காமல் இருக்க வழியில்லை. தேர்வாளர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நிறுத்தி, நோட்டையும் அறிக்கையையும் அருகருகே வைத்தார்.

"இங்க 2.9. அங்க 1.4. இது எப்படி மாறிச்சு? யாரு மாத்தினது?"

ஸ்கேல் முகத்தில் ஈயாடவில்லை. பேராசிரியர் பேனாவை மூடி வைத்தார். பெரியவள் வாயைத் திறந்தாள். சொன்னால் ஏழு வருடமும் போய்விடும்.

"நான்தான் மேடம்" என்றான் சின்னவன்.

"நீங்களா?"

"கடைசி வாரம் நான் மாடிக்கே போகல. நோட்டுல சும்மா ஒரு நம்பர் எழுதினேன். அக்கா போன்ல கேட்டப்ப, ஞாபகம் இல்லாம வேற நம்பர் சொல்லிட்டேன். ரெண்டுமே நான் அளந்தது இல்ல."

கோர்வையாகச் சொன்னான். முதல் வாரத்து டீக்கடைக் கதை பேராசிரியருக்கும் தெரியும். அதனால் அதை நம்புவதில் அவருக்குக் கஷ்டம் இருக்கவில்லை.

தேர்வாளர் பெரியவளைப் பார்த்தார்.

"அப்படியாம்மா? அவரு போன்ல சொன்ன நம்பரைத்தான் நீங்க போட்டீங்களா?"

அந்த நேரத்தில் அவள் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவன் போகவில்லை என்பதுதானே உண்மை, அதைத்தானே சொல்கிறான், இதில் நான் செய்த பாவம் என்ன என்று நினைத்தாள். தனக்கு வசதியானதை நம்புவதற்கு அவளுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

"ஆமா மேடம்" என்றாள்.

சின்னவனுக்குப் பூஜ்யம். மற்ற இருவரும் தேறினார்கள். பேராசிரியர் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டபோது யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் இந்தப் பருவத்தை அடுத்த வருடம் திரும்பப் படிக்க வேண்டும். முதல் தேதி சேர வேண்டிய வேலை அவனுக்காகக் காத்திருக்காது.

வெளியே வந்ததும் ஸ்கேல் பையை மாட்டிக்கொண்டாள். "எனக்கு நம்பர் குடுத்தது நீங்கதான். அன்னிக்கு ராத்திரி நான் திரும்பக் கேட்டப்ப, 'அவன் எழுதினதை நான் சரி பண்ணிட்டேன்'னு சொன்னீங்க" என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். பதிலுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

* * *

பஸ்ஸில் கூட்டமில்லை. இருந்தும் சின்னவன் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியவள் பக்கத்து இருக்கையில் பையை வைத்து அவனுக்காக இடம் பிடித்திருந்தாள்.

"உக்காரு."

"இருக்கட்டும்."

"நீ நிஜமாவே போகலையா?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ என்ன நெனச்சியோ அதைத்தான் அங்க சொன்னேன்."

"நான் கேட்டதுக்கு அது பதில் இல்லடா."

"இதைப் போன வாரம் கேட்டிருந்தா பதில் சொல்லிருப்பேன்."

இரண்டு நிறுத்தம் கழித்து அவன் இறங்கத் தயாரானான். அது அம்மாவின் அலுவலக நிறுத்தம்.

"இங்க எதுக்கு இறங்குற?"

"ஒரு வேலை இருக்கு. எனக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்குக்கா. உனக்கு இல்ல. அதைப் போட்டு மனசைக் குழப்பிக்காத. வீட்டுக்குப் போ."

அவன் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும் என்று அவள் வீடு வரை அழுதுகொண்டே போனாள். கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்தவர், கேட்காமல் அடுத்த வரிசைக்குப் போய்விட்டு, பிறகு திரும்பி வந்து வாங்கிக்கொண்டார்.

* * *

அம்மா அன்று ஐந்தரைக்கே வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக வலது தோளைத் தேய்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எப்படிப் போச்சு?"

"தேறிட்டேன்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. "உங்கப்பா இருந்திருந்தா" என்று ஆரம்பித்தவள் அதை அங்கேயே விட்டுவிட்டாள்.

"தோள்ல என்னம்மா?"

"மூணாவது மாடியில என் ரூம் கதவுதான். ரெண்டு வாரமா மாட்டிக்குது. தோளைக் குடுத்துத் தள்ளினாத்தான் திறக்குது. பக்கத்து ரூம்ல இருந்த இரும்பு ரேக்குல பாதியை ஃபைலோட கொண்டுவந்து என் ரூம்ல அடைச்சாங்க பாரு, அன்னியிலேருந்து. சின்னவன் அளக்க வந்த அன்னிக்கும் அவன்தான் தள்ளித் திறந்தான்."

பெரியவள் கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்தாள்.

"எந்த அன்னிக்கு?"

"கடைசியா வந்தானே, அன்னிக்குத்தான். ஸ்டூல் மேல ஏறி ஒரு மணி நேரம் நின்னான். நான்தான் டார்ச் பிடிச்சேன். மூணு தடவை அளந்தான். ஒரு தடவை அளந்தா போதாதாடான்னு கேட்டா, 'அக்கா நம்ப மாட்டாம்மா'ன்னான்."

அம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். பெரியவளின் வெட்கத்தை இங்கே விவரித்து எழுத எனக்கு மனமில்லை.

"நீ எங்கம்மா உக்காருவ? அந்த ரூம்ல?"

"அந்தச் சுவரை ஒட்டித்தான். ஏன்?"

1.3 மில்லிமீட்டராக இருந்தது ஒரே வாரத்தில் 2.9 ஆகி, கதவும் மாட்டிக்கொள்கிறது என்றால் கட்டடம் அந்தப் பக்கம் இறங்குகிறது. இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. முதல் வருடப் பாடமே போதும்.

சின்னவன் உள்ளே வந்தான். சட்டையெல்லாம் வியர்வை. அம்மாவைப் பார்த்ததும் தயங்கினான்.

"சொல்லு. மேனேஜரைப் பாக்கத்தானே போன?" என்றாள் பெரியவள்.

இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்துகொண்டான்.

"பாத்தேன். ரேக்கை எடுங்க சார், ரூமைக் காலி பண்ணுங்கன்னு கெஞ்சினேன். அறிக்கையை எடுத்துக் காட்டுறாரு. மத்தியானமே காலேஜ்லேருந்து வந்துடுச்சாம், வைவால நடந்ததையும் சொல்லிட்டாங்களாம். 'எல்லாம் நல்லாருக்குன்னு உங்கக்காவே கையெழுத்துப் போட்டிருக்காங்க, பொய் அளவு எழுதி ஃபெயிலான ஆளு நீ, உன் பேச்சை நான் கேக்கணுமா'ங்கறாரு. மீதி பன்னெண்டு ரேக்கையும் நாளைக்கு அந்த ரூம்ல இறக்கப்போறாங்களாம்."

"ஃபெயிலா?" என்றாள் அம்மா. "யாரு ஃபெயிலு?"

பெரியவள் சொன்னாள். ஒன்றையும் பூசி மெழுகாமல், 2.9ஐ 1.4 ஆக்கியதிலிருந்து 'ஆமா மேடம்' என்றது வரைக்கும் சொன்னாள்.

சொல்லி முடித்துவிட்டு அவள் போனைக் கையில் எடுத்தாள். அம்மா எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"யாருக்கு?"

"புரொபசருக்கு. நான் மாத்தினேன்னு நானே சொன்னாத்தான் இவன் அளவை நம்புவாங்க."

"வேண்டாம். நான் மேனேஜர்கிட்ட பேசிக்கறேன். ரேக்கை வேற ரூம்ல வைக்கச் சொல்றேன்."

"அவர் கேப்பாராம்மா?"

இருபத்தாறு வருடத்தில் அந்த அலுவலகத்தில் அம்மாவிடம் ஃபைல் எங்கே என்று கேட்டிருக்கிறார்களே தவிர வேறு எதையும் கேட்டதில்லை.

"அப்ப சேரைக் கதவுப் பக்கம் தள்ளிப் போட்டுக்கறேன். கதவைத் திறந்தே வெச்சுக்கறேன். இவனுக்கு அடுத்த வருஷம் இருக்கு. எனக்கு இன்னும் நாலு வருஷம்தான் சர்வீஸு. உன் படிப்பு முடியட்டும்டி."

"அக்கா, அம்மாவை நாளைக்கு லீவு போடச் சொல்லிடலாம்" என்றான் சின்னவன். "அப்புறம் நிதானமா யோசிப்போம்."

"அம்மா லீவு போட்டா? ரேக்கை இறக்கறவங்க மனுஷங்க இல்லையா?"

பெரியவள் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கையிலிருந்து எடுத்துவிட்டாள். எண்ணை அழுத்தினாள்.

"சார், நான்தான் பேசறேன். பத்தாவது வாரத்து அளவு பொய் இல்ல சார். என் தம்பி அளந்தது 2.9. அதை 1.4ன்னு மாத்தினது நான். அவன்கிட்ட கேக்காம மாத்தினேன். காலைல நான் சொன்னதுதான் பொய்."

"இதைச் சொன்னா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியும் இல்லையா?" என்றார் பேராசிரியர்.

"தெரியும் சார்."

"மறுபடி சொல்லுங்க. எழுதிக்கறேன்."

வாரம், மாடி, அறை, இரண்டு அளவுகள் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கதவு மாட்டுவதையும் ரேக்குகளையும் சொன்னாள். அவர் எழுதுவது காகிதச் சத்தமாகக் கேட்டது. சின்னவன் தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அப்பா செத்த அன்றும் அவன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான்.

"அந்த ரேக்கெல்லாம் நாளைக்கு எத்தனை மணிக்கு வருது? அதுக்கு முன்னாடி நான் அங்க நிக்கணும். அறையோட சாவி யார்கிட்ட இருக்கு?"

பெரியவள் போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கினாள்.

"அம்மா, ரேக்கு எத்தனை மணிக்கு வருது? சாவி உன்கிட்டதானே இருக்கு?"

அம்மா சுவரோரமாக நின்றிருந்தாள். மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா. சார் லைன்ல இருக்காரு."

அம்மா சாவி இருந்த கைப்பையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் போனிலும் கேட்டிருக்க வேண்டும். "யாரும்மா அது?" என்றார் பேராசிரியர்.